இன்டர்வியூ போய் வந்தவர்கள் எழுதியதைப் படிப்பது எப்படி: ஒரு டெஸ்டரின் வழி

நான் மென்பொருள் டெஸ்டர். அடுத்தவர் செய்ததில் ஓட்டை கண்டுபிடித்து எழுதி வைப்பதுதான் பிழைப்பு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நான் எழுதிய பக் ரிப்போர்ட்டை என் சீனியர் அப்படியே திருப்பி அனுப்பினார். "லாகின் வேலை செய்யவில்லை" என்று ஒரே வரிதான் எழுதியிருந்தேன். "எந்த பிரவுசர், எந்த யூசர், எதை அழுத்தினாய், என்ன வரும் என்று நினைத்தாய், என்ன வந்தது? இதெல்லாம் இல்லாவிட்டால் இது ரிப்போர்ட் இல்லம்மா, புலம்பல்" என்றார்.

ஒன்பது வருடம் கழித்து வேலை மாறக் கிளம்பியபோதுதான் அந்தப் பேச்சின் அருமை புரிந்தது. நாலு மாதத்தில் 7 கம்பெனி, மொத்தம் 23 ரவுண்ட். ஒவ்வொன்றுக்கும் போகும் முன், அங்கே ஏற்கெனவே போய் வந்தவர்கள் எழுதி வைத்ததை ஒன்று விடாமல் படித்தேன். முதல் மூன்று இடங்களில் அந்தப் படிப்பு எனக்கு உபகாரத்தைவிட உபத்திரவம்தான் செய்தது. நான் அவற்றைப் படித்த விதம் தப்பு. பிறகு மாற்றிக்கொண்டேன். அந்த மாற்றிய வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

யார், எப்போது, எந்த வாசல் வழியாக

முதல் கம்பெனியைப் பற்றி ஐந்து பேர் எழுதியிருந்தார்கள். ஐந்து பேரும் ஒரே குரலில்: சுலபம், அடிப்படைக் கேள்விகள்தான், நட்பாகப் பேசினார்கள். சரி என்று ஒரு மாலை நேரம் மட்டும் படித்துவிட்டுப் போனேன். இரண்டாவது ரவுண்டில், ஒரு பெரிய ரிலீஸுக்கு (மென்பொருளின் புதிய வெளியீடு) டெஸ்டிங் திட்டத்தை ஆரம்பத்திலிருந்து போர்டில் வரைந்து காட்டச் சொன்னார்கள். ஆள், நாள், எதை விடலாம், எதை விடக் கூடாது, எல்லாம். பாதியில் தடுமாறி நின்றேன். வீட்டுக்கு வந்து அந்த ஐந்தையும் மறுபடி பார்த்தால், ஐவருமே படிப்பை முடித்த கையோடு கல்லூரியில் வைத்து எடுக்கப்பட்டவர்கள். அவர்கள் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அவர்கள் எழுதிய தேர்வு வேறு, நான் எழுதிய தேர்வு வேறு.

அதற்கப்புறம் எதைப் படித்தாலும் நாலு விஷயத்தை முதலில் தேடுவேன்: பதவி, எத்தனை வருட அனுபவம், எந்த வருடம் நடந்தது, எப்படிக் கூப்பிட்டார்கள். கடைசியாகச் சொன்னதைப் பலர் கவனிப்பதில்லை. ரெஃபரலில், அதாவது அங்கே வேலை பார்ப்பவரின் சிபாரிசில், போகிறவருக்கு முதல் வடிகட்டல் ரவுண்டே சில சமயம் இருக்காது. தானாக விண்ணப்பித்தவருக்கு ஆன்லைன் டெஸ்ட் வரும். ஏஜென்சி மூலம் போனவருக்கு நடுவில் ஒருவர் இருப்பார், அவர் சொன்னதும் கம்பெனி சொன்னதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றில்லை. இந்த நாலில் இரண்டுகூட உங்களோடு பொருந்தாவிட்டால் அதைப் பொழுதுபோக்காகப் படிக்கலாம், தயாரிப்புக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வருடம் ஏன் முக்கியம் என்பதற்குப் பெரிய கம்பெனிகளே சாட்சி. கூகுள் என்றாலே விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து அடங்கும் என்பது மாதிரியான புதிர்கள்தான் என்று ஒரு காலத்தில் பேச்சு. 2013இல் அந்தக் கம்பெனியின் ஆள் நிர்வாகத்துக்குத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக்கே, அந்தப் புதிர்கள் முழுக்க நேர விரயம் என்று நியூயார்க் டைம்ஸ் பேட்டியில் சொல்லிவிட்டார். இன்னமும் அந்தப் புதிர்களைத் தேடிப் பிடித்துப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அமேசானில் இன்டர்வியூ முழுக்க அவர்களுடைய லீடர்ஷிப் பிரின்சிபிள்ஸ் என்ற தலைமைப் பண்பு விதிகளை ஒட்டியே போகும். பழைய அனுபவக் குறிப்புகளில் அவை 14 என்று இருக்கும். 2021இல் இரண்டைச் சேர்த்து 16 ஆக்கினார்கள். இரண்டு வருடத்துக்கு முந்தைய குறிப்பை நான் சந்தேகத்தோடுதான் தொடுவேன்.

தீர்ப்பை ஒதுக்கிவிட்டு நடந்ததை எடுங்கள்

"படு மோசமான அனுபவம்", "அருமையான டீம்". இந்த மாதிரி வரிகளைப் படிக்கும்போது என் சீனியர் சொன்ன புலம்பல் என்ற சொல்தான் ஞாபகம் வரும். எழுதியவர் மேல் குறை இல்லை. மனித ஞாபகமே அப்படித்தான் வேலை செய்கிறது. டேனியல் கானமன் என்ற உளவியலாளர், டொனால்ட் ரெடல்மையர் என்ற மருத்துவரோடு சேர்ந்து 1996இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். குடலுக்குள் குழாய் விட்டுச் சோதிக்கப்பட்ட நோயாளிகளிடம் வலியைப் பற்றிக் கேட்டார்கள். சோதனை எவ்வளவு நேரம் நடந்தது என்பது அவர்கள் நினைவில் பெரிதாகப் பதியவே இல்லை. வலி உச்சத்தில் இருந்த கணமும், கடைசிச் சில நிமிடங்களும்தான் ஒட்டுமொத்த மதிப்பீட்டைத் தீர்மானித்தன. இன்டர்வியூவை அதோடு ஒப்பிடுவது கொஞ்சம் அதிகம்தான், ஆனால் எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. கடைசியில் வந்தது ஆஃபரா, நிராகரிப்பா என்பது முன்னால் நடந்த நாலு ரவுண்டுக்கும் சாயம் பூசிவிடும்.

அதனால் ஒரு நோட்டில் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். இடது பக்கம் நடந்தது: எத்தனை ரவுண்ட், யார் எடுத்தார்கள், எவ்வளவு நேரம், எத்தனை நாள் இடைவெளி, என்ன மாதிரி கேள்வி, அடுத்து என்ன என்று யாராவது சொன்னார்களா. வலது பக்கம் எழுதியவரின் கருத்து. பத்து அனுபவங்களைப் படித்து முடித்தால் வலது பக்கம் நிரம்பி வழியும், இடது பக்கத்தில் ஏழெட்டு வரிதான் தேறும். அந்த ஏழெட்டு வரிக்காகத்தான் இவ்வளவு படிப்பும்.

கம்பெனிகளைப் பற்றிப் போய் வந்தவர்கள் எழுதும் கிளாஸ்டோர் மாதிரியான இணையதளங்களில் ஒவ்வொரு அனுபவத்தோடும் இரண்டு விவரம் தனியாக இருக்கும்: ஆஃபர் கிடைத்ததா இல்லையா, அனுபவம் நல்லதா கெட்டதா நடுநிலையா. இந்த இரண்டும் எங்கே முரண்படுகின்றன என்று பாருங்கள். வேலை கிடைக்கவில்லை, ஆனாலும் நல்ல அனுபவம் என்று ஒருவர் சொன்னால் அந்தக் கம்பெனி ஆட்களை மரியாதையாக நடத்தியிருக்க நிறையவே வாய்ப்பு. வேலை கிடைத்தும் கசப்பாக எழுதியவரை அதைவிடக் கவனமாகப் படியுங்கள். அவருக்குப் பொருமுவதற்குக் காரணம் இல்லை, ஆனாலும் எழுதியிருக்கிறார். ஆஃபரை வேண்டாம் என்று சொன்னவர்கள் சிலரே, ஏன் வேண்டாம் என்றார்கள் என்று எழுதுகிறவர்கள் இன்னும் சிலர். அகப்பட்டால் இரண்டு முறை படியுங்கள்.

ஒரே வாரத்தில் ஐந்தாறு பாராட்டு, எதிலும் ரவுண்ட் எண்ணிக்கைகூட இல்லை, எல்லாவற்றிலும் "வளர்ச்சிக்கு நல்ல வாய்ப்பு" என்று இருந்தால் தாண்டிப் போய்விடுவேன். யாரோ சொல்லி எழுத வைத்தது.

சம்பந்தமில்லாத மூன்று பேர் ஒரே விவரத்தைச் சொன்னால்

இரண்டாவது கம்பெனிக்காகப் படித்தபோது நாலு குறிப்புகளில் ஒரே விஷயம் இருந்தது: வீட்டில் செய்து அனுப்ப ஓர் அசைன்மென்ட் கொடுப்பார்கள், அனுப்பியபின் பதிலே வராது. நாலுமே கோபத்தோடு எழுதப்பட்டவை. தோற்றவர்களின் ஆத்திரம் என்று ஒதுக்கினேன். எனக்கும் அசைன்மென்ட் வந்தது. மூன்று மணி நேர வேலை என்றார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அதிலேயே போயிற்று. அனுப்பினேன். இன்று வரை பதில் இல்லை.

கோபம் கருத்து, அதை வலது பக்கம் தள்ளியது சரி. ஆனால் "அசைன்மென்ட், அப்புறம் மௌனம்" என்பது நடந்தது. ஒருவரையொருவர் அறியாத நாலு பேர், வெவ்வேறு மாதங்களில் அதையே சொல்லியிருந்தார்கள். டெஸ்டிங்கில் ஒரு பக் நாலு வெவ்வேறு கம்ப்யூட்டரில் வந்தால் அதை மறுக்க எந்த டெவலப்பருக்கும் வாய் வராது. எனக்கு மட்டும் அன்றைக்கு ஏன் தோன்றவில்லையோ.

இப்போது யாராவது அசைன்மென்ட் என்றால் தொடங்கும் முன் மூன்று கேள்வி கேட்பேன்: எத்தனை மணி நேரத்துக்கு மேல் செலவிடத் தேவையில்லை, யார் பார்ப்பார்கள், பார்த்தபின் அதைப் பற்றிப் பேச அழைப்பு உண்டா. மூன்றுக்கும் பதில் இருந்தால் செய்வேன். மூன்றாவதற்கு மழுப்பினால், சொன்ன மணி நேரம் முடிந்ததும் எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே, "இன்னும் நேரம் இருந்தால் இதையெல்லாம் செய்வேன்" என்று ஒரு பத்தி சேர்த்து அனுப்பிவிடுவேன்.

கேள்விகளை மனப்பாடம் செய்யாதீர்கள்

மூன்றாவது இடத்தில் இந்தக் கூத்து. கேட்ட கேள்விகளை ஒருவர் வரிசையாக எழுதியிருந்தார். உட்கார்ந்து உருப்போட்டேன். மூன்றாவது ரவுண்டில் அதில் ஒன்று அப்படியே வந்தது, அதாவது அப்படியே வந்த மாதிரி இருந்தது. கேள்வியில் ஒரு நிபந்தனையை மாற்றியிருந்தார்கள். நான் பழைய கேள்விக்கான பதிலை ஒப்பித்து முடித்தபோது எதிரே இருந்தவர் சிரித்துவிட்டு, "நான் கேட்டது வேறு" என்றார். காது சிவந்துபோன அந்த நிமிடத்தை மறக்க முடியாது.

கேள்விப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டியது, ஒவ்வொரு கேள்வியும் எதை அளக்க வந்தது என்பது. "மேனேஜரோடு கருத்து வேறுபாடு வந்த ஒரு சம்பவம்", "கெடுவுக்குள் முடிக்க முடியாத ஒரு வேலை" என்றெல்லாம் இருந்தால், அங்கே உங்கள் பழைய வேலையிலிருந்து சம்பவங்கள் கேட்பார்கள். அதற்கு ஐந்தாறு சம்பவங்களைச் சூழ்நிலை, உங்கள் பொறுப்பு, நீங்கள் செய்தது, விளைந்தது என்ற வரிசையில் சொல்லிப் பழகினால் போதும், எந்தக் கேள்வி வந்தாலும் அதில் ஒன்று பொருந்தும். நான் எட்டு வைத்திருந்தேன். ஐந்துதான் உதவின.

இன்னொன்றும் பாருங்கள். ஒரே பதவிக்குப் போன இரண்டு மூன்று பேரிடம் ஏறக்குறைய ஒரே கேள்விகள் கேட்கப்பட்டிருந்தால் சலித்துக்கொள்ளாதீர்கள், அது நல்ல அறிகுறி. எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடும் இன்டர்வியூதான் ஆளைச் சரியாக எடைபோடுகிறது என்பது ஆராய்ச்சியில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. பால் சாக்கெட் என்ற உளவியலாளரும் அவர் குழுவும் 2022இல் பழைய ஆய்வுகளையெல்லாம் மறுபடி கணக்குப் போட்டபோது, தேர்வு முறைகளில் முதலிடம் இந்த வகைக்குத்தான் வந்தது. வேடிக்கை என்னவென்றால், மேலே சொன்ன அதே கானமன், இருபதுகளின் தொடக்கத்தில் இஸ்ரேல் ராணுவத்தில் வேலை பார்த்தபோது இப்படி ஒரு முறையைத்தான் அமைத்தார். ஆறு குணங்கள், ஒவ்வொன்றுக்கும் தனிக் கேள்விகள், ஒன்றுக்கு மதிப்பெண் போட்டு முடித்த பிறகுதான் அடுத்தது. எங்களை இயந்திரமாக்குகிறீர்கள் என்று இன்டர்வியூ எடுத்தவர்கள் சண்டைக்கு வந்தார்களாம். கேள்வி கேட்டவர் பார்த்துப் படித்தார், முகம் கொடுத்துப் பேசவில்லை என்று யாராவது குறைப்பட்டு எழுதியிருந்தால் எனக்கு இந்தக் கதை நினைவுக்கு வரும்.

படித்ததை ரெக்ரூட்டரிடம் சரிபாருங்கள்

ரெக்ரூட்டர் என்றால் கம்பெனிக்காக ஆள் தேடிப் பேசுபவர். முதல் அழைப்பில் பெரும்பாலும் அவர்கள்தான் கேள்வி கேட்பார்கள். முடியும்போது "உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா" என்பார்கள். அந்த இடத்தை விட்டுவிடாதீர்கள். நான் சொல்வது ஏறக்குறைய இது: "மொத்தம் எத்தனை ரவுண்ட் இருக்கும், ஒவ்வொன்றிலும் எதைப் பார்ப்பீர்கள் என்று சொன்னால் தயாராக வசதியாக இருக்கும். கடைசி ரவுண்ட் முடிந்து எத்தனை நாளில் முடிவு தெரியும்? இந்தப் பதவிக்கு வைத்திருக்கும் சம்பள வரம்பு என்ன?" இதற்கு யாரும் கோபித்துக்கொண்டதில்லை. ஏழில் ஐந்து பேர் முழுசாகப் பதில் சொன்னார்கள். அந்தப் பதிலை நோட்டின் இடது பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று ரவுண்ட் என்று ரெக்ரூட்டர் சொல்கிறார், போய் வந்தவர்கள் எல்லோரும் ஆறு என்கிறார்கள் என்றால், முறை மாறியிருக்கலாம், அல்லது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். அதையும் தயங்காமல் கேட்கலாம்.

பணம் என்ற பேச்சு வந்தால் மட்டும் எதையும் சரிபார்க்க வேண்டாம், அழைப்பைத் துண்டியுங்கள். பதிவுக் கட்டணம், பயிற்சி முன்பணம், லேப்டாப் டெபாசிட், எந்தப் பெயரில் வந்தாலும் சரி. தனியார் வேலைவாய்ப்பு ஏஜென்சிகள் வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது ஐ.எல்.ஓ. என்ற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் வருட 181ஆவது உடன்படிக்கையிலேயே பொது விதியாக இருக்கிறது.

பதில் வராதபோது

வேலை தேடிய காலத்தில், கம்பெனி மௌனமாக இருந்தால் எனக்குத் தெரிந்த ஒரே அர்த்தம் நிராகரிப்பு. இப்போது நானே பேனலில் உட்கார்ந்து ஆள் எடுக்கிறேன். ஒரு பெண்ணை எல்லோருக்கும் பிடித்திருந்தது, மூன்று வாரம் அவருக்கு ஒரு வரி பதில் போகவில்லை. காரணம், ஒப்புதல் கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பில். இன்னொரு முறை பதவியே நிறுத்தி வைக்கப்பட்டது. முதல் தேர்வாக ஒருவருக்கு ஆஃபர் கொடுத்துவிட்டு, அவர் முடிவு சொல்லும் வரை இரண்டாமவரைக் காக்க வைப்பதும் நடக்கும். இதெல்லாம் நியாயம் என்று சொல்ல வரவில்லை. ஒரு வரி மின்னஞ்சல் அனுப்ப யாருக்கும் கை முறிந்துவிடாது. ஆனால் "பதினைந்து நாள் பதில் இல்லை, தேர்வு முறையே மோசடி" என்று எழுதப்பட்டதைப் படிக்கும்போது, முதல் பாதியை மட்டும் நோட்டில் ஏற்றுங்கள். சொன்ன நாள் தாண்டி இரண்டு வேலை நாளில் ஒரு நினைவூட்டல், ஒரு வாரத்தில் இன்னொன்று, அதோடு விடுங்கள்.

ஐந்தாவது கம்பெனியில் மேனேஜரே போனில் "நீங்கள்தான், கடிதம் வரும்" என்றார். எனக்கு உடனே ராஜினாமா எழுத வேண்டும் போல இருந்தது. ஆனால் அந்தக் கம்பெனியைப் பற்றி ஒருவர் எழுதியிருந்த இரண்டே வரி நினைவில் இருந்தது: வாய்மொழியாக ஆஃபர், 12 நாள் கழித்துப் பதவி இல்லை என்று தகவல். காத்திருந்தேன். எனக்கு 9 நாளில் அதே தகவல் வந்தது. யாரென்றே தெரியாத அந்த மனிதருக்கு இன்னமும் கடன்பட்டிருக்கிறேன்.

நீங்கள் எழுதும்போது

அந்த இரண்டு வரியில் கருத்து என்று ஒரு சொல்கூட இல்லை. அதனால்தான் எனக்கு உதவியது. நானும் அப்படி எழுத ஆரம்பித்தேன். ஒவ்வொரு ரவுண்ட் முடிந்த அன்று இரவே, முடிவு தெரியும் முன்பே, குறித்து வைப்பேன். முடிவு தெரிந்தபின் எழுதினால் சாயம் ஏறிவிடும் என்று மேலேயே சொன்னேனே. வெளியிடுவது எல்லாம் முடிந்த பிறகுதான். நடுவில் போட்டால் ஆளைக் கண்டுபிடிப்பது அவர்களுக்கு ரொம்பச் சுலபம்.

ஏழாவது கம்பெனிக்கு நான் எழுதியது இப்படி இருந்தது:

"சீனியர் டெஸ்டர் பதவி, 9 வருட அனுபவம், பழைய சக ஊழியரின் ரெஃபரல். 4 ரவுண்ட், மொத்தம் 26 நாள். முதல் நாள் ஹெச்.ஆர். அழைப்பு, 20 நிமிடம்: நோட்டீஸ் பீரியட், சம்பள எதிர்பார்ப்பு, ஏன் மாறுகிறீர்கள். 6ஆம் நாள் டெக்னிக்கல், ஒரு மணி நேரம் என்றார்கள், 85 நிமிடம் போனது. ஒரு பேமென்ட் பக்கத்தைக் காட்டி எதையெல்லாம் சோதிப்பீர்கள் என்று கேட்டார்கள், பிறகு ஆட்டோமேஷன் பற்றிச் சில கேள்விகள். 13ஆம் நாள் இரண்டு பேர் கொண்ட பேனல், முழுக்கப் பழைய வேலைச் சம்பவங்கள். ஒருவர் கேட்டார், இன்னொருவர் தலை நிமிராமல் டைப் செய்துகொண்டிருந்தார், ஆர்வம் இல்லாத மாதிரி தெரிந்தது. 19ஆம் நாள் மேனேஜர், 40 நிமிடம். ஒரு வாரத்தில் சொல்வோம் என்றார்கள், 26ஆம் நாள் சொன்னார்கள்."

இன்டர்வியூ எடுத்தவர்களின் பெயரை எழுதாதீர்கள். அவரை அடையாளம் காட்டும் தோற்றம், பேச்சு விவரமும் வேண்டாம். ரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டிருந்தால் கேள்வியை அப்படியே தரக் கூடாது, எந்த வகை என்று சொல்லலாம். அவமானப்படுத்தும்படி எதையாவது கேட்டார்கள் என்றால் கேட்ட வாக்கியத்தை முடிந்தவரை அதே சொற்களில் போடுங்கள். "தரக்குறைவாகப் பேசினார்கள்" என்பதைவிட அது பத்து மடங்கு பேசும்.

அந்த ஏழாவது கம்பெனிக் குறிப்பில் ஒரு தவறு இருக்கிறது. நானே கருத்தை இடது பக்கத்தில் ஏற்றிவிட்டேன். அங்கேயே வேலையில் சேர்ந்து மூன்றாம் மாதம் என்னைப் பேனலில் உட்கார வைத்தபோது விஷயம் தெரிந்தது. இங்கே ஒருவர் கேட்க வேண்டும், இன்னொருவர் பதில்களைச் சொல்லுக்குச் சொல் ஒரு படிவத்தில் ஏற்ற வேண்டும், அதுதான் முறை. அன்று எனக்கு அந்த வேலை. எதிரே இருந்த பையன் பேசும்போதெல்லாம் ஓரக்கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், நான் தலை நிமிராமல் டைப் செய்துகொண்டிருந்தேன். அன்று மாலையே பழைய குறிப்பைத் திறந்து ஒரு வரி சேர்த்தேன்: "திருத்தம்: டைப் செய்பவர் உங்கள் பதிலைத்தான் எழுதுகிறார். கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள்."